என் உயரத்துக்கு ஒரு சைக்கிள்

சகோதரிகளே, இந்த மாதம் நான் ஒரு சைக்கிள் வாங்கிய கதையைச் சொல்லப்போகிறேன். "சைக்கிள் வாங்குவதில் என்ன பெரிய கதை?" என்று வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் இருக்கும் வாசகிகள் கேட்பீர்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் நான் இப்போது வேலை செய்வது மாத்தளையில். இங்கே ஒரு பெண் சைக்கிளில் போனால் பஸ்ஸுக்குள் இருப்பவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள்.

மாத்தளை நகரம் மலைகளுக்கு நடுவில் இருக்கிறது. கண்டியிலிருந்து சுமார் 25 கிலோமீற்றர். கண்டியில் தொடங்கி யாழ்ப்பாணம் வரை போகும் ஏ9 வீதி இந்த ஊருக்கூடாகத்தான் போகிறது. கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடர். காலையில் முகில் மலையைவிட்டு எழும்ப எட்டு மணியாகும். ரத்தோட்டைப் பக்கம் போனாலும் உக்குவளைப் பக்கம் போனாலும் ஓர் ஏற்றம் உங்களுக்காகக் காத்திருக்கும். தேயிலை, றப்பர், கொக்கோ, மிளகு என்று எல்லாம் சரிவில்தான் வளர்கின்றன. தோட்டத்து லயங்களும் சரிவில்தான் இருக்கின்றன.

வடக்கே நாவுலவைத் தாண்டித் தம்புள்ளைப் பக்கம் இறங்கினால் நிலம் சமமாகிவிடும். அங்கே வயலும் குளமும் வாய்க்காலும். வாய்க்கால் கரையால் வெள்ளைச் சட்டையுடன் பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் போவார்கள். மரக்கறிப் பையைக் கொழுவிக்கொண்டு சிங்களத் தாய்மாரும் போவார்கள். கலேவெலவில் முதல்முறை அதைக் கண்டபோது எனக்குக் கிளிநொச்சிதான் நினைவுக்கு வந்தது. ஒரே மாவட்டம், வடக்கில் பெண்கள் சைக்கிள் ஓடுகிறார்கள், தெற்கில் ஓடுவதில்லை. மலைதான் காரணம் என்று எல்லோரும் சொல்வார்கள். மலை ஒரு காரணம்தான். அது மட்டுமல்ல என்பது எனக்குப் பிறகு விளங்கியது.

என் வேலை வீடு வீடாகப் போகும் வேலை. ஆனால் போவது பஸ்ஸிலும் ஓட்டோவிலும். மிச்ச நேரம் மேசையில் இருந்து அறிக்கை எழுதுவது. முப்பத்தைந்து வயதிலேயே என் இரத்த அழுத்தம் கூடிவிட்டது. கிளினிக்கில் டொக்டர் கேட்டார்: "ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் நடப்பீங்க?" என்னிடம் பதில் இல்லை. ஊர்ப் பெண்களுக்கு உடற்பயிற்சி பற்றி வகுப்பு எடுப்பவள் நான். வெட்கமாக இருந்தது. அன்று பின்னேரமே சைக்கிள் வாங்குவது என்று முடிவெடுத்தேன்.

வீட்டில் சொன்னபோது அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "என்னத்துக்குப் பிள்ளை இப்ப சைக்கிள்? பஸ் இருக்குத்தானே."

அம்மா ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியும்.

இந்த றோட்டும் நாங்களும்

மாத்தளை எங்களுக்குப் புது ஊர் இல்லை. அம்மா பிறந்தது இங்கே ஒரு தோட்டத்து லயத்தில். அம்மம்மா பிறந்ததும் அங்கேதான். அவரின் முன்னோர் கோப்பிக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியால் தம்புள்ளைக்கு நடந்து, அங்கிருந்து மாத்தளைக்கு ஏறினார்கள். வழியில் காய்ச்சலிலும் பசியிலும் இறந்தவர்கள் எத்தனையோ பேர். உயிரோடு வந்து சேர்ந்தவர்கள் தங்கிய இடத்தில்தான் இன்றைய முத்துமாரியம்மன் கோயில் இருக்கிறது என்று இங்குள்ள பெரியவர்கள் சொல்வார்கள். இப்போது அந்தக் கோயிலில் 108 அடி உயரக் கோபுரம் நிற்கிறது. மாசி மகத்துக்கு ஐந்து தேர்கள் இந்த றோட்டால் வரும். மலையக மக்களின் 200 வருட நினைவாக 2023 யூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் ஒரு நடைபயணம் தொடங்கி, 16 நாட்கள் நடந்து, ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் முடிந்தது. அன்று அம்மாவும் நானும் றோட்டோரம் நின்று பார்த்தோம்.

1977ஆம் ஆண்டு வன்செயலுக்குப் பிறகு அம்மம்மா குடும்பம் இதே றோட்டால் வடக்கே போனது. அம்மாவுக்கு அப்போது பதினான்கு வயது. கிளிநொச்சியில் பாரதிபுரத்தில் காடு வெட்டிக் குடியேறினார்கள். மலையில் நடந்து பழகிய அம்மா அங்கேதான் சைக்கிள் பழகினார். பிறகு முப்பது வருடம் சைக்கிள்தான் அவருக்குக் கால். பெற்றோல் தடைசெய்யப்பட்ட தொண்ணூறுகளில் வன்னி முழுவதும் சைக்கிளில்தான் ஓடியது. விறகு, நெல், நோயாளி, கர்ப்பிணி எல்லாம் கரியரில் ஏறின. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. அந்த நாட்களைக் கண்ட வாசகிகளுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை.

2009ஆம் ஆண்டு தொடக்கத்தில் தர்மபுரத்திலிருந்து மாத்தளன் வரை அம்மம்மாவைக் கரியரில் இருத்தி அம்மா தள்ளிக்கொண்டு வந்தார். நான் பின்னால் பிடித்துக்கொண்டு நடந்தேன். அம்மம்மா மாத்தளனில் இறந்தார். சைக்கிளை வட்டுவாகலில் விட்டுவிட்டு வந்தோம். அங்கே ஆயிரக்கணக்கான சைக்கிள்கள் ஒன்றன்மேல் ஒன்றாய்க் கிடந்தன. அதன்பிறகு அம்மா சைக்கிள் தொடவில்லை.

மீள்குடியேற்றத்தில் எங்களுக்கும் ஒரு சைக்கிள் கிடைத்தது. உதவியவர்களுக்கு நன்றி உண்டு. ஆனால் வரிசையில் நின்ற எல்லோருக்கும் ஒரே உயரத்தில்தான் சைக்கிள் தந்தார்கள். அம்மா நாலடி பத்து அங்குலம். சீற்றைக் கடைசி மட்டம் வரை இறக்கியும் அவருக்குக் கால் எட்டவில்லை. "எனக்கு வேண்டாம், ஆருக்கும் குடு" என்றார். அதைச் சாட்டாக வைத்தே விட்டுவிட்டார் என்று நினைக்கிறேன். உங்கள் உயரம் என்ன, எந்த வழியால் போவீர்கள், எதை ஏற்றுவீர்கள் என்று அன்று யாரும் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. தந்ததை வாங்கி, கையெழுத்துப் போட்டு, நன்றி சொல்லிப் பழகிவிட்டோம். என் வாழ்க்கையில் கடைக்குப் போய் எனக்கென்று பார்த்து ஒரு சைக்கிளை வாங்கியதில்லை. முதல்முறை வாங்கப் போகும்போதுதான் எனக்கு என்ன தேவை என்று எனக்கே தெரியவில்லை என்பது விளங்கியது.

கடைக்குப் போன கதை

நான் ஒதுக்கிய பணம் எழுபதாயிரம் ரூபா. 2022இல் ரூபாய் விழுந்து, பெற்றோல் வரிசை நீண்டபோது எல்லோரும் சைக்கிளைத் தேடினார்கள். அன்று ஏறிய விலை பழைய இடத்துக்கு இறங்கவில்லை. எழுபதாயிரம் என்பது எனக்குப் பெரிய காசு, சிட்டுக் காசு.

நகரத்தில் ஒரு சைக்கிள் கடை. கடைக்கார நானா வயதானவர். அம்மா "சும்மா துணைக்கு வாறன்" என்று வந்து வாசலில் நின்றுகொண்டார். நான் உள்ளே போனதும் சிவப்பு நிறத்தில் பளபளவென்று நின்ற ஒன்றில் கை வைத்தேன். முன்னாலும் பின்னாலும் ஸ்பிறிங், தடித்த டயர், இருபத்தொரு கியர்.

நானா சிரித்தார். "தங்கச்சி, அது பார்க்கத்தான் நல்லா இருக்கும். எங்க ஓடப்போறீங்க, அதச் சொல்லுங்க முதல்ல."

இந்தக் கேள்வியைத்தான் எல்லாவற்றுக்கும் முதல் கேட்கவேண்டும். நான் சொன்னேன்: காலையில் அலுவிகாரை வரை உடற்பயிற்சிக்கு, கிழமையில் இரண்டு மூன்று நாள் ரத்தோட்டை றோட்டால் வேலைக்கு, எல்லாம் தார் றோட்டு, இடையிடையே குழி, தோட்டத்துக்குள் கொஞ்சம் கல் றோட்டு.

நானா ஒவ்வொன்றாய் விளக்கினார். பிறகு நானும் பக்கத்து றோட்டில் சைக்கிள் திருத்தும் பாஸிடம் கேட்டுத் தெளிந்துகொண்டேன். அவற்றை உங்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

மலிவான சைக்கிளில் ஸ்பிறிங் இருந்தால் அது பாரம்தான். ஏற்றத்தில் நாம் உழக்கும் பலத்தில் ஒரு பங்கை அந்த ஸ்பிறிங் அமுங்கி அமுங்கித் தின்றுவிடும். அந்தக் காசை நல்ல பிறேக்குக்கும் நல்ல சில்லுக்கும் கொடுப்பது மேல்.

பழைய மாதிரிக் கம்பிப் பிறேக் சமதரைக்குப் போதும். மாத்தளை போன்ற இறக்கத்துக்குக் கேபிள் பிறேக் வேண்டும். அதைவிட முக்கியம் றிம். இரும்பு றிம் மழையில் நனைந்தால் பிறேக் கட்டை வழுக்கும். நிற்கவேண்டிய இடத்தில் நிற்காது. அலுமினிய றிம்மில் அந்த ஆபத்து குறைவு. இங்கே ஒக்டோபர் தொடங்கித் தை மாதம் வரை மழை. ஆகவே நான் அலுமினிய றிம் என்று முடிவெடுத்தேன். டிஸ்க் பிறேக் நல்லதுதான். ஆனால் விலை குறைந்த சைக்கிளில் அது அடிக்கடி உரசும், சரிபார்க்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்கவேண்டும்.

டயர் மெல்லியதாக இருந்தால் வேகம் வரும், குழியில் விழுந்தால் றிம் நெளியும். மலைச் சைக்கிளின் முள்ளுமுள்ளான தடித்த டயர் தார் றோட்டில் இழுக்கும், களைப்பு வரும். இரண்டுக்கும் நடுவே ஒன்றரை அங்குலத்துக்கு மேல், ஒன்றே முக்கால் அங்குலம் அளவில், நடுப்பகுதி வழுவழுப்பாக உள்ளதே எங்களுக்குப் பொருந்தும்.

சில்லின் அளவு 26 அங்குலம் என்றால் எந்தச் சந்திக் கடையிலும் டயரும் ரியூப்பும் கிடைக்கும். புதிய புதிய அளவுகளில் வரும் சைக்கிள்களுக்குக் கொழும்பிலோ கண்டியிலோ தேடவேண்டி வரலாம். "நாளைக்குக் காத்துப் போனா எங்க போவீங்க, அத நினைச்சு வாங்குங்க" என்றார் நானா. உயரம் குறைந்தவர்களுக்கு 24 அங்குலச் சில்லும் நல்லது.

கியர் பற்றித்தான் அதிகம் கேட்டேன். தம்புள்ளையிலோ கிளிநொச்சியிலோ இருப்பவர்களுக்குக் கியர் அவசியமில்லை. கியர் இல்லாத சைக்கிளில் பழுதாகப் பாகமும் குறைவு. மாத்தளை போன்ற இடத்தில் பின்சில்லில் ஆறு அல்லது ஏழு கியர் இருந்தால் போதும். இருபத்தொன்று என்று எழுதியிருப்பதைப் பார்த்து மயங்கத் தேவையில்லை; அதில் பலவற்றை நாம் தொடவே மாட்டோம். பின்னால் பெரிய பற்சில்லு இருக்கிறதா என்று பாருங்கள். ஏற்றத்தில் கை கொடுப்பது அதுதான்.

கடைசியாக உயரம். நானா என்னைச் சைக்கிளுக்கு மேலாக இரண்டு காலும் நிலத்தில் ஊன்றி நிற்கச் சொன்னார். பிறேம் உடம்பில் முட்டக்கூடாது. பிறகு சீற்றில் இருந்து, பெடலை அடிமட்டத்துக்கு இறக்கி, அதில் குதிக்காலை வைக்கச் சொன்னார். கால் நேராக நீளவேண்டும். அப்படியென்றால் முன்பாதத்தால் உழக்கும்போது முழங்கால் சற்று மடிந்திருக்கும், நோகாது. சீற்றை மிகவும் பதித்து ஓடுவதாலேயே பலருக்கு முழங்கால் வலி வருகிறதாம். கைபிடியைப் பிடிக்கும்போது குனிந்து விழவும் கூடாது, எட்டிப் பிடிக்கவும் கூடாது. முப்பது நிமிடம் அந்தக் கடையில் என் உடம்பை அளந்து பார்த்தேன். நான் இவ்வளவு உயரம், என் கை இவ்வளவு நீளம் என்று ஒரு கடைக்காரரிடம் கூச்சமில்லாமல் சொன்னது அதுதான் முதல்தடவை.

இறுதியில் பார் இல்லாத, காலைத் தூக்கிப் போடாமல் ஏறக்கூடிய ஒரு சைக்கிளில் வந்து நின்றோம். ஏழு கியர், அலுமினிய றிம், 26 அங்குலச் சில்லு. பழைய உருக்குச் சைக்கிளைவிடப் பாரம் குறைவு. லயத்துப் படியில் நானே தூக்கி ஏற்றலாம். கரியர் மட்டும் இல்லை. உடற்பயிற்சிக்குத்தானே, கரியர் எதற்கு, பாரம்தானே என்று நான் நினைத்தேன்.

அப்போதுதான் வாசலில் நின்ற அம்மா உள்ளே வந்தார். சைக்கிளைச் சுற்றிப் பார்த்தார். முன் டயரைப் பெருவிரலால் அமத்திப் பார்த்தார். பிறகு கரியர் இருக்கவேண்டிய இடத்தைக் கையால் தடவினார்.

"கரியர் இல்லாத சைக்கிள் என்ன சைக்கிள்?" என்றார்.

நானா ஒரு கரியரை எடுத்து வந்து பொருத்தினார். அம்மா இரண்டு கையையும் அதில் ஊன்றி, தன் பாரம் முழுவதையும் போட்டு அமத்தினார். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. "ம், தாங்கும்" என்றார். நான் ஒன்றும் பேசவில்லை. கரியருடனும் விளக்குடனும் மொத்தம் அறுபத்தெட்டாயிரம் வந்தது.

புதுக்கோட்டைப் பெண்கள்

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது தமிழ்நாட்டில் புதுக்கோட்டை மாவட்டத்தைப் பற்றிப் படித்தேன். வறண்ட, பின்தங்கிய மாவட்டம். 1990களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் எழுத்தறிவு வகுப்புகளை நடத்தியது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குப் பழக்கவேண்டும் என்று உற்சாகப்படுத்தினார். வயல் வேலை செய்தவர்களும் கல் உடைத்தவர்களும் தாதிமாரும் ஆசிரியைகளும் சைக்கிள் பழகினார்கள். இலட்சத்துக்கும் அதிகமான பெண்கள் பழகினார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். தொடக்கத்தில் ஊரில் கேலியும் வசையும் இருந்தன. பெண்கள் விடவில்லை.

அதில் ஒரு சிறு விடயம் எனக்கு மிகவும் பிடித்தது. பெண்களுக்கான சைக்கிள் போதாமல் பலர் ஆண்கள் ஓடும் சைக்கிளில் பழகினார்கள். பிறகு சிலர் அதுவே நல்லது என்று விரும்பி எடுத்தார்கள். காரணம், அதன் பாரில் பிள்ளையை இருத்தலாம். எது பெண்களுக்குரிய சைக்கிள் என்பதைக் கடையோ கம்பனியோ தீர்மானிக்கவில்லை. தங்கள் வேலையைப் பார்த்து அந்தப் பெண்களே தீர்மானித்தார்கள். அம்மா கரியரைக் கேட்டதும் அதே மாதிரித்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

முதல் இரண்டு கிழமை

முதல் நாள் காலை ஆறு மணிக்கு அலுவிகாரைக்குப் போனேன். நகரத்திலிருந்து வடக்கே சுமார் 3 கிலோமீற்றர். புத்த சமய நூல்களை முதன்முதல் ஏட்டில் எழுதினார்கள் என்று சொல்லப்படும் குகைக் கோயில் அங்கே இருக்கிறது. அந்த நேரத்தில் வாகனம் குறைவு. வாசனைத் தோட்டங்களின் வாசலில் பெட்டைப்பிள்ளைகள் கூட்டிக்கொண்டிருந்தார்கள். போகவர அரை மணித்தியாலம். உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்குக் கிழமைக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது. கிழமைக்கு ஐந்து நாள், நாளுக்கு அரை மணித்தியாலம் என்றால் கணக்குச் சரி. மிதம் என்றால் எது? சைக்கிள் ஓடும்போது கதைக்க முடியவேண்டும், பாட முடியக்கூடாது. அதுதான் அளவு.

ஏழு மணிக்குப் பிறகு ஏ9 வேறு றோட்டாகிவிடும். கண்டி பஸ்ஸும் தம்புள்ளை மரக்கறி லொறியும் உரசிக்கொண்டு போகும். நான் இடது ஓரத்தை விட்டு விலகுவதில்லை. பின்னால் பெரிய வாகனம் நெருங்கும்போது ஏற்றத்தில் மூச்சு வாங்கினால் இறங்கி நின்றுவிடுவேன். இறங்குவதில் வெட்கம் இல்லை.

ரத்தோட்டை றோட்டில் முதல்முறை போனபோது ஏற்றத்தின் நடுவில் கியரை மாற்றினேன். செயின் கழன்றுவிட்டது. கியரை ஏற்றம் தொடங்குமுன், கால் இலேசாக இருக்கும்போதே மாற்றவேண்டும். அழுத்தி உழக்கிக்கொண்டு மாற்றக்கூடாது. அது எனக்கு அன்றுதான் தெரிந்தது. கையெல்லாம் எண்ணெயாகி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு லயத்துக்குப் போனேன். கொழுந்து நிறுத்துவிட்டு வந்த அக்காமார் சிரியோ சிரி என்று சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கிய பிறகு ஓர் அக்கா கிட்ட வந்தார். அவரை எனக்கு முதலே தெரியும். போரின் கடைசி வருடத்தில் வவுனியாப் பக்கம் வேலைக்குப் போன கணவர் திரும்பி வரவில்லை. மகள் மூன்று கிலோமீற்றர் நடந்து பாடசாலைக்குப் போகிறாள்.

"மிஸ், எனக்கு முப்பத்தெட்டு வயசு. இனிப் பழகலாமா?"

"பழகலாம் அக்கா. ஏன் இவ்வளவு நாளும் பழகேல்ல?"

"சைக்கிள் ஆம்பளைங்க சாமானுன்னுதான் இருந்தோம். மிஸ் ஓடிக்கிட்டு வந்ததப் பார்த்ததும்தான் கேக்கணும்னு தோணுச்சு."

மலை மட்டும் காரணமல்ல என்று முதலில் சொன்னேனே, அது இதுதான்.

வாங்கப்போகும் சகோதரிகளுக்கு

கடைக்குப் போகுமுன் ஒரு தாளில் நான்கு விடயத்தை எழுதிக்கொள்ளுங்கள்: உங்கள் உயரம், போகும் வழி, ஏற்றும் சாமான், கையில் உள்ள காசு. காசில் ஒரு பங்கைப் பூட்டு, மணி, முன் பின் விளக்கு, காற்றடிக்கும் பம் ஆகியவற்றுக்கு ஒதுக்குங்கள். சேலையோ நீளப்பாவாடையோ உடுத்து ஓடுபவர்கள் செயின் மூடியும் பின்சில்லுக்கு வலைத்தடுப்பும் கேளுங்கள்.

காசு கொடுக்குமுன் ஓடிப் பாருங்கள். ஓடிப் பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள். இரண்டு பிறேக்கையும் தனித்தனியே பிடித்துப் பாருங்கள். சில்லைத் தூக்கிச் சுற்றிவிட்டால் அது நெளியாமல் நேராகச் சுழலவேண்டும். சீற்றுக் குழாயில் கடைசி மட்டம் என்று ஒரு கோடு இருக்கும். அதற்கு மேல் உயர்த்தக்கூடாது.

பழைய சைக்கிள் வாங்கினால் நட்டமில்லை. புதிதின் பாதி விலைக்கு நல்ல பழையது கிடைக்கும். ஆனால் பிறேம் ஒட்டுமிடங்களில் வெடிப்போ புதுப் பெயின்றோ இருக்கிறதா என்று பாருங்கள். பெடல் தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆடக்கூடாது. விற்பவரிடம் சிட்டை வாங்கி, பிறேமில் அடித்திருக்கும் இலக்கத்தை அதில் எழுதிக்கொள்ளுங்கள். களவு போனால் பொலிசில் கொடுக்க அந்த இலக்கம் உதவும்.

காயப்பட்ட சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. உடம்பில் செல் துண்டு இருப்பவர்களும் இருதய நோயோ சர்க்கரையோ உள்ளவர்களும் கிளினிக்கில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால் பூட்டிய அக்காமார் கிளிநொச்சியில் சைக்கிள் ஓடுவதைக் கண்டிருக்கிறேன். அவர்களுக்குப் பார் இல்லாத தாழ்ந்த பிறேமும், வழுக்காத அகலப் பெடலும் வேண்டும். பலமுள்ள கால் நிலத்தில் ஊன்றும் பக்கம் எது என்பதையும் முதலே தீர்மானிக்கவேண்டும். சமநிலை கிடைக்காதவர்களுக்கு மூன்று சில்லுச் சைக்கிளும் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில்

அந்த அக்காவுக்குத் தோட்டத்து மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை பழக்குவதாகச் சொல்லியிருந்தேன். அம்மாவும் வந்தார், மறுபடியும் "சும்மா துணைக்கு." சீற்றை இறக்கி, இரண்டு காலும் நிலத்தில் படும்படி வைத்தேன். பெடலைத் தொடாமல் காலால் தள்ளித் தள்ளிப் போகச் சொன்னேன். அப்படிப் போகப் போகச் சமநிலை தானாக வரும். அரை மணித்தியாலத்தில் அக்கா இரண்டு காலையும் தூக்கி ஐந்து, ஆறு யார் போனார். பெடலில் கால் வைத்ததும் பயந்து சாய்ந்தார்.

அப்போது கரையில் நின்ற அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு மைதானத்துக்குள் வந்தார். வந்து கரியரைப் பிடித்தார்.

"கீழ சில்லைப் பாக்காத. தூரத்தில அந்த மரத்தைப் பார். நான் பிடிச்சிருக்கிறன், நீ உழக்கு."

அக்கா உழக்கினார். அறுபத்திரண்டு வயது அம்மா சேலையை ஒரு கையால் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினார். மைதானத்தின் பாதியில் கையை எடுத்துவிட்டார். அக்காவுக்கு அது தெரியாது. மரம் வரை தனியே போய்ச் சேர்ந்துவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தார்.

இப்போது அந்த மைதானத்துக்கு ஞாயிறுதோறும் நாலு பேர் வருகிறார்கள். சைக்கிள் ஒன்றுதான்; மாறி மாறி எடுக்கிறோம். அந்த அக்கா ஒரு சிட்டுச் சேர்ந்திருக்கிறார். காசு கையில் வந்ததும் நானாவின் கடைக்கு என்னோடு வருவார். அவர் அஞ்சடி ஒரு அங்குலம். மகளைப் பின்னால் இருத்தவேண்டும். போகும் வழியில் இரண்டு ஏற்றம். இதைத் தாளில் எழுதி வைத்திருக்கிறார்.

நீங்களும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், சகோதரிகளே. கடைக்காரர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.